மண்ணடியில் ஒரு பழைய கிட்டங்கி: இடிப்பதா, கடையும் அலுவலகமும் வீடுமாக மாற்றுவதா?

மண்ணடிக்காரர் (கேள்வி)

வணக்கம். சென்னை ஜார்ஜ் டவுனில், மண்ணடி மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், எங்கள் குடும்பத்துக்கு ஒரு பழைய கிட்டங்கி, அதாவது சரக்குக் கிடங்கு, இருக்கிறது. மனை ஒன்றரை கிரவுண்டு, அதாவது 3,600 சதுர அடி. தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்ட கட்டடம். நடுவில் வானம் பார்த்த ஒரு சிறிய முற்றம். இரண்டு தளத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ 6,000 சதுர அடி. சுவர்கள் தடித்த செங்கல்லும் சுண்ணாம்பும். கூரை மெட்ராஸ் டெரஸ். மாடியைத் தாங்குபவை பர்மாத் தேக்குக் கட்டைகள். தரைத்தளத்தில் தெருப்பக்கம் மட்டும் இரும்பு உத்திரங்கள் இருக்கின்றன. அவற்றின் விலாவில் 'டார்மன் லாங், மிடில்ஸ்பரோ' என்ற எழுத்துகளை இன்றும் படிக்க முடிகிறது.

துறைமுகத்தில் இறங்கிய சரக்கை உள்நாட்டுக்கு அனுப்பும் வரை வைத்திருப்பதற்காக எங்கள் கொள்ளுத்தாத்தா வாங்கிய இடம் இது. தாத்தா காலத்தில் மஞ்சளும் கடுக்காயும் நிறைந்திருந்ததாகச் சொல்வார்கள். அப்பா காலத்தில் காகித ரீல்கள். கொள்கலன்கள் வந்த பின்பு சரக்குகள் துறைமுகத்திலிருந்து நேரே மாதவரம், மணலிப் பக்கம் உள்ள கிடங்குகளுக்குப் போகத் தொடங்கியதால் எங்கள் மாடி பல ஆண்டுகளாகக் காலியாகவே கிடக்கிறது. கீழே இப்போது மூன்று வாடகைதாரர்கள்: ஒரு காகித வியாபாரி, ஒரு இரும்புச் சாமான் கடை, வாசலோரம் ஒரு தேநீர்க் கடை. மூவரும் தரும் வாடகை சொத்து வரிக்கும் சில்லறைப் பழுதுகளுக்குமே சரியாகப் போய்விடுகிறது.

வாரிசுகள் நான்கு பேர். நான், என் தங்கை, பெரியப்பா மகன்கள் இருவர். ஒரு கட்டுமான நிறுவனம் இடித்துக் கட்டி, எழும் பரப்பில் பாதியை எங்களுக்குத் தருவதாகச் சொல்கிறது. அண்ணன்மார் இருவரும் அதற்கு ஒப்புக்கொள்ளும் மனநிலையில் இருக்கிறார்கள். எனக்கும் தங்கைக்கும் மனம் ஒப்பவில்லை. கட்டடத்தைப் பழுதுபார்த்து, கீழே கடைகள், மாடியின் முன்பாதியில் சிறு அலுவலகங்கள், பின்பாதியில் இரண்டு வீடுகள் என்று பயன்படுத்த முடியுமா என்று யோசிக்கிறோம். ஆனால் பாசத்தை மட்டும் காட்டி அண்ணன்மாரிடம் பேச முடியாது. கட்டடம் இந்தப் புதிய பயன்பாட்டைத் தாங்குமா, சட்டம் இடம் தருமா, போட்ட பணம் திரும்புமா என்று இத்துறைகளை அறிந்தவர்கள் சொன்னால், குடும்பத்தை உட்கார வைத்துப் பேச எனக்கு உதவியாக இருக்கும்.

சுண்ணாம்புச் சாந்து

பழங்கட்டடப் பழுதுபார்ப்பில் பல ஆண்டுகளாக இருக்கும் பொறியாளர் என்ற முறையில் எழுதுகிறேன். கட்டடத்தை நேரில் பாராமல் அதன் வலிமையைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது தவறு. ஆனால் எதை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லலாம்.

முதலில் தண்ணீர். கட்டட வரைபடம், கடை வாடகைக் கணக்கு எல்லாவற்றுக்கும் முன்னால், வரும் வடகிழக்குப் பருவமழைக்குள் மொட்டைமாடியிலிருந்து தண்ணீர் ஒழுங்காக இறங்குகிறதா என்று பாருங்கள். புதுச்சேரியில் கடற்கரையோரம் இருந்த பிரெஞ்சுக் காலத்து நகராட்சி மண்டபமான மேரி கட்டடம் 2014 நவம்பரில் மழைக்காலத்தில் ஒரே நாளில் சரிந்து விழுந்தது. இன்று அங்கே நிற்பது அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டியது. சுண்ணாம்புச் சுவர் நூறு ஆண்டு வெயிலைத் தாங்கும். தேங்கி ஊறும் நீரை நெடுநாள் தாங்காது. கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் பிடுங்கி இழுக்காதீர்கள். வேரோடு செங்கல்லும் வந்துவிடும். தரையோடு வெட்டி, வேரைச் சாகடித்து, பிறகு அந்த இடத்தைப் பிரித்துக் கட்ட வேண்டும்.

அடுத்து மெட்ராஸ் டெரஸ். உங்கள் அண்ணன்மார் இதைப் 'பழைய ஓட்டைத் தளம்' என்று நினைக்கலாம் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். தேக்குக் கட்டைகளை நெருக்கமாக வைத்து, அவற்றின் மேல் மெல்லிய சிறு செங்கற்களைக் குத்துவாக்கில், மூலைவாட்டாக, சுண்ணாம்புக் கலவையில் அடுக்குவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, நாள்கணக்கில் கட்டையால் அடித்து இறுக்குவார்கள். அடிக்கும்போது கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளிப்பார்கள். கடைசியாகத் தட்டோடு என்னும் தட்டை ஓட்டைப் பதிப்பார்கள். இந்தத் தளம் பெரும்பாலும் நடுவில் கெடுவதில்லை. சுவருக்குள் நுழையும் கட்டை முனைகள்தான் ஈரத்தில் ஊறி உளுத்துப் போகின்றன, கரையானும் அங்கேதான் நுழைகிறது. ஆகவே ஒவ்வொரு கட்டையின் இரு முனைகளையும் சுத்தியால் தட்டிப் பார்த்து, ஐயம் உள்ளவற்றில் மெல்லிய துளையிட்டுச் சோதிக்க வேண்டும். முனை மட்டும் கெட்டிருந்தால் முழுக் கட்டையையும் மாற்றத் தேவையில்லை. கெட்ட பகுதியை அறுத்தெடுத்து, நல்ல தேக்கைச் சரிவு வெட்டில் பொருத்தியோ, இருபுறமும் எஃகுத் தகடு கொடுத்து முடுக்கியோ சரிசெய்யலாம்.

பல வீடுகளில் நான் கண்ட பெரிய கேடு, ஒழுகுகிறது என்று மேலே சிமெண்ட் கான்கிரீட் போடுவது. நான்கு அங்குலக் கான்கிரீட் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 240 கிலோ எடையைக் கூட்டுகிறது. அப்படி ஓர் அடுக்கு உங்கள் மாடியில் இருந்தால், வீடாகப் பயன்படுத்தும்போது மனிதர்களும் கட்டில் பீரோவும் ஏற்றக்கூடிய பாரம் முழுவதையும் அந்த அடுக்கே ஏற்கெனவே தின்றுவிட்டது என்று பொருள். அதை அகற்றினாலே கட்டைகள் மூச்சுவிடும். சுவர்ப் பூச்சிலும் இதே கதைதான். கடற்காற்றில் வரும் உப்பும் தரையிலிருந்து ஏறும் ஈரமும் சுண்ணாம்புப் பூச்சின் வழியே வெளியேறிவிடும்; சிமெண்ட் பூசினால் உள்ளேயே அடைபட்டு, செங்கல்லைப் பொடிப்பொடியாக உதிர்க்கும். மண்ணடியில் மீண்டும் மீண்டும் தார் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டதால் பல கட்டடங்களில் தரை இப்போது தெருவுக்குக் கீழே இருக்கிறது. உங்களுடையதும் அப்படியென்றால் சுவரின் கீழ் மூன்றடிதான் மிக மோசமாக இருக்கும்.

இப்போது உங்கள் முக்கியக் கேள்வி, புதிய பயன்பாட்டைத் தாங்குமா என்பது. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 875, இரண்டாம் பகுதி, குடியிருப்புத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 200 கிலோ பாரத்தைக் கணக்கில் கொள்ளச் சொல்கிறது. சரக்குக் கிடங்குக்குக் குறைந்தபட்சமே 7.5 கிலோநியூட்டன். ஆகவே கிட்டங்கியை வீடாக்குவது கட்டடத்தின் சுமையைக் குறைக்கும் மாற்றம். மாடியின் பின்பாதியில் வீடுகள், முன்பாதியில் மேசை நாற்காலி போட்ட அலுவலகங்கள் என்ற உங்கள் எண்ணம் இந்த வகையில் சரியானது. மாடியில் விருந்து மண்டபமோ, உடற்பயிற்சிக் கூடமோ, கோப்பு அலமாரிகளை வரிசையாக நிறுத்தும் அலுவலகமோ வேண்டாம். கூட்டமாக ஆட்கள் அசையும் இடத்தை மரத்தளம் விரும்பாது.

கழிப்பறையும் சமையலறையும்தான் சிக்கலான இடங்கள். அவற்றை மெட்ராஸ் டெரஸின் மேல் வைக்காதீர்கள். பின்பக்கச் சுவரை ஒட்டி, தனி அடித்தளத்தில் நிற்கும் ஒரு எஃகுச் சட்டகம் எழுப்பி, இரண்டு தளத்தின் ஈரப் பகுதிகளையும் குழாய்களையும் அதற்குள் அடக்கிவிடுங்கள். இரண்டாவது படிக்கட்டும் அதிலேயே வரலாம். பழைய இரும்பு உத்திரங்களில் எதையும் பற்றவைக்க விடாதீர்கள். அந்தக் காலத்து எஃகின் வேதிச் சேர்மானம் இன்றைய எஃகைப் போன்றதல்ல. சிறு துண்டை ஆய்வகத்தில் சோதித்த பின்பே முடிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் போல்ட் இணைப்பு போதும்.

தீயைப் பற்றிய அச்சத்தையும் யாராவது எழுப்புவார்கள். பருத்த தேக்கு தீயில் மேற்பரப்பு கரியாகி, நிமிடத்துக்கு அரை மில்லிமீட்டர் அளவில் மெதுவாகவே உள்ளே எரியும்; அந்தக் கரியே உள்மரத்தைக் காக்கும். மூடாத எஃகு உத்திரமோ 550 டிகிரி அளவிலேயே வலிமையில் கணிசமான பகுதியை இழந்து வளையும். ஆகையால் முதலில் தீக்காப்புப் பூச்சு தேவைப்படுவது உங்கள் மிடில்ஸ்பரோ உத்திரங்களுக்கு. தரைத்தளக் கடைகளுக்கும் மேலே உள்ள வீடுகளுக்கும் நடுவே தீ பரவாத கூரைத்தடுப்பு வேண்டும், வீடுகளுக்குக் கடைகளின் வழியாக இல்லாத தனி வெளியேறும் வழி வேண்டும். மின்கம்பிகளை ஒன்றுவிடாமல் மாற்றுங்கள்.

வரைபட அனுமதி

பொறியாளர் சொன்னதை ஒட்டி, அனுமதியும் கணக்கும் பற்றி எழுதுகிறேன். திட்ட அனுமதி விண்ணப்பங்களைத் தயாரிப்பது என் தொழில்.

அண்ணன்மாரிடம் முதலில் வைக்க வேண்டியது பரப்புக் கணக்கு. 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, உயரக் கட்டடம் அல்லாதவற்றுக்குத் தளப்பரப்புக் குறியீடு 2, அதாவது எல்லாத் தளங்களும் சேர்ந்து மனையின் பரப்பைப் போல் இரண்டு மடங்கு வரை கட்டலாம். உங்கள் 3,600 சதுர அடிக்கு அது 7,200 சதுர அடி. பணம் கட்டிக் கூடுதல் பரப்பு பெறும் வசதி சாலையின் அகலத்தைப் பொறுத்தது. 9 மீட்டருக்கும் குறைந்த தெருவுக்கு அது கிடையாது, மண்ணடியின் பெரும்பாலான தெருக்கள் அந்த அளவை எட்டுவதில்லை. ஆகவே இடித்துக் கட்டினால் எழுவது அதிகபட்சம் 7,200. அதில் பாதி உங்களுக்கு என்றால் 3,600. இன்று நால்வர் கையில் இருப்பது 6,000. இந்த 2,400 சதுர அடியை விட்டுக்கொடுத்துத்தான் புதுக் கட்டடம் என்ற பெயரை வாங்குகிறீர்கள்.

கணக்கு அதோடு முடியவில்லை. ஜார்ஜ் டவுன் தொடர் கட்டடப் பகுதி என்பதால் பக்கவாட்டில் இடம் விடத் தேவையில்லை. ஆனால் முன்பக்கம் இடம் விட வேண்டும், வண்டி நிறுத்துமிடம் காட்ட வேண்டும். ஒன்றரை கிரவுண்டில் நிறுத்துமிடம் என்றால் தரைத்தளம்தான் போகும். மண்ணடியில் வாடகை வருவதே தெருவைப் பார்த்த தரைத்தளக் கடைக்குத்தான். அதைத் தூணும் காருமாக மாற்றிவிட்டு, லிஃப்ட் ஏறிப் போக வேண்டிய மாடிகளை வாங்கிக்கொள்வது நல்ல பேரமாக எனக்குத் தோன்றவில்லை. தெருவிளிம்பு வரை நிற்கும் பழைய கட்டடம் ஒருமுறை இடிந்தால், அந்த விளிம்பு வரை மறுபடி கட்டும் உரிமை உங்களுக்குத் திரும்பி வராது. மறுபுறம், பழுதுபார்ப்புக்கு ஆகும் செலவு முழுவதையும் நீங்கள் நால்வரே போட வேண்டும். இடித்துக் கட்டினால் முதல் போடுவது கட்டுமான நிறுவனம். அண்ணன்மாரின் தரப்பில் இருக்கும் வலுவான வாதம் அதுதான், அதை ஒதுக்கிவிட்டுப் பேசாதீர்கள்.

பாரம்பரியப் பட்டியல் பற்றி. அண்ணாசாலையில் 1897-இல் எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிக்க முற்பட்டபோது எழுந்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2010-இல் தந்த தீர்ப்பு, நீதிபதி பத்மநாபன் குழு தொகுத்த 467 கட்டடங்களின் பட்டியலை முன்வைத்து, அவற்றைக் காக்கப் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு அமைக்க வழிசெய்தது. உங்கள் கட்டடம் அதில் இருக்கிறதா என்று சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். இருந்தால் இடிப்பதோ முகப்பை மாற்றுவதோ அந்தக் குழுவின் ஒப்புதலின்றி நடக்காது. தனியார் கிட்டங்கிகள் அதில் இடம்பெறுவது அரிது என்பதே என் அனுபவம். அரண்மனை, தேவாலயம், அரசு அலுவலகம் ஆகியவற்றைப் பாரம்பரியம் என்று ஏற்பதில் யாருக்கும் தயக்கமில்லை. இந்த நகரத்தை வளர்த்த வணிகத்தின் கட்டடங்களை மட்டும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பது எனக்கு நெடுநாளைய மனத்தாங்கல்.

இன்னொன்றையும் மறவாமல் பாருங்கள். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை முன்னனுமதி வேண்டும். 2010-இல் சட்டத்திலேயே சேர்க்கப்பட்ட விதி இது. ஜார்ஜ் டவுனைச் சுற்றிக் கோட்டை, பழைய நகர மதில், சட்டக் கல்லூரி வளாகத்துக் கல்லறைகள் எனப் பல சின்னங்கள் உள்ளன. உங்கள் மனை அந்த 100 மீட்டருக்குள் வந்தால் இடித்துக் கட்டும் பேச்சே எழாது. பழுதுபார்ப்புக்கு மட்டும் அனுமதி பெறலாம். மெட்ரோ சுரங்கம் அருகில் ஓடுவதால் அடித்தளம் தோண்டும் வேலைக்கு மெட்ரோ நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் தேவைப்படலாம். கிட்டங்கியைக் கடை, அலுவலகம், வீடு என மாற்றுவதற்குப் பயன்பாட்டு மாற்ற அனுமதி தனி. சொத்து வரி, மின் இணைப்பு வகை, தீயணைப்புத் துறைச் சான்று ஆகியவையும் அதையொட்டி மாறும்.

வாடகைதாரர்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருக்கிறதா? 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த பின், ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும். உங்கள் மூதாதையர் யாராவது வெறும் மனையை மட்டும் வாடகைக்கு விட்டு, அதில் வாடகைதாரரே ஏதேனும் கட்டியிருந்தால், 1921-ஆம் ஆண்டு நகரக் குடிவாரதாரர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அவர் அந்த நிலத்தையே விலைக்குக் கேட்க வழியிருக்கிறது. தேநீர்க் கடையின் பழைய தாள்களைக் கவனமாகப் படியுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், நால்வரின் பங்கும் தெளிவாக எழுதப்பட்டு, மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் சரியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வங்கிக் கடன் கிடைக்காது.

தேக்கா வாசி

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். கிட்டங்கி என்ற சொல்லைப் பார்த்ததும் மனம் நெகிழ்ந்தது. இங்கே மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் செட்டியார்கள் தங்கி வட்டித் தொழில் நடத்திய இடங்களுக்கும் கிட்டங்கி என்றே பெயர். கீழே தொழில், மாடியில் உறக்கம், பின்கட்டில் சமையல். நீங்கள் இன்று யோசிக்கும் கலப்புப் பயன்பாட்டை அவர்கள் நூறாண்டுக்கு முன்பே வாழ்ந்திருக்கிறார்கள். 1970களின் இறுதியில் நகர மறுசீரமைப்பில் அவை மறைந்தன. இன்று அத்தெருவில் நிற்பவை வானளாவிய வங்கிக் கட்டடங்கள்.

சிங்கப்பூர் ஆற்றங்கரைக் கிடங்குகளுக்கு வேறு விதி வாய்த்தது. 1977 முதல் 1987 வரை பத்தாண்டு ஆற்றைத் தூய்மை செய்தார்கள். சரக்குப் படகுகள் 1983-இல் பாசிர் பாஞ்சாங்குக்குப் போய்விட்டன. ஆற்றை நம்பியிருந்த கிடங்குகள் ஒரேயடியாக வெறுமையாயின. உங்கள் மாடி காலியான கதை இதற்கு மிக நெருக்கமானது. 1989-இல் அப்பகுதிகளைப் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவித்தார்கள். அவற்றில் ஒன்றான கிளார்க் கீயில் 60-க்கும் மேற்பட்ட கிடங்குகளையும் கடைவீடுகளையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் சீரமைத்து 1993-இல் திறந்தார்கள். இயன்ற அளவு பழையதை அப்படியே வைத்திருத்தல், நயமாக மீட்டெடுத்தல், கவனமாகப் பழுதுபார்த்தல் என்ற மூன்று நெறிகள் இங்கே சட்டத்தின் பலத்தோடு நிற்பவை.

ஆனால் கிளார்க் கீயிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் அதன் பிற்காலத்தில் இருக்கிறது. தொடக்கத்தில் குடும்பங்கள் வரும் விழாத்தலமாக நினைத்ததை நடத்திச் செல்வது கடினமாக இருந்தது. 2006-இல் தெருக்களுக்கு மேலே பெரிய குடைக்கூரைகள் போட்டு இரவு விடுதிகளின் இடமாக மாற்றினார்கள். அந்த வாடிக்கையும் தேய்ந்தபின், பகலிலும் ஆட்கள் வரும்படி அண்மையில் மறுபடி புதுப்பித்தார்கள். கட்டடங்கள் உறுதியாக நின்றன. உள்ளே வைத்த பயன்பாடுதான் மீண்டும் மீண்டும் தோற்றது, ஏனென்றால் அங்கே யாரும் வாழவில்லை. நீங்கள் பின்பாதியில் இரண்டு வீடுகள் வைக்க நினைப்பதை யார் தடுத்தாலும் கைவிடாதீர்கள். இரவு விளக்கு எரியும் வீடு இருந்தால்தான் ஒழுகும் குழாயை மறுநாளே யாராவது பார்ப்பார்கள்.

மற்றொரு ஜார்ஜ் டவுனையும் நினைவூட்டுகிறேன். பினாங்கின் ஜார்ஜ் டவுனில் பழைய வாடகைக் கட்டுப்பாடு 2000-இன் தொடக்கத்தில் விலகியது. தலைமுறைகளாக இருந்த குடித்தனக்காரர்கள் உயர்ந்த வாடகையைக் கொடுக்க இயலாமல் வெளியேறினார்கள். 2008-இல் யுனெஸ்கோ அங்கீகாரம் வந்தபோது பல வீடுகளில் ஆட்களே இல்லை. பின்னர் அவற்றில் பல சிறு விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் ஆயின. முகப்புகள் அழகாக இருக்கின்றன. தெருவின் பழைய தொழில்களில் பல போய்விட்டன. உங்கள் மூன்று வாடகைதாரர்களை எப்படி நடத்தப்போகிறீர்கள் என்பதை இதையும் எண்ணி முடிவு செய்யுங்கள்.

காகிதக் கடை

ஐயா, நான் ஆண்டர்சன் தெருப் பக்கம் காகித வியாபாரம் செய்பவன். உங்கள் தரைத்தளத்து வாடகைதாரரைப் போன்றவன். மேலே எழுதிய மூவரும் அறிந்து எழுதியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

கொத்தவால் சாவடி காய்கறிச் சந்தை 1996-இல் கோயம்பேட்டுக்குப் போனது. இரும்புக்குச் சாத்தங்காட்டில் சந்தை அமைத்தார்கள். 'ஜார்ஜ் டவுன் வியாபாரம் முடிந்தது' என்று அப்போதிருந்தே சொல்லி வருகிறார்கள். நாங்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறோம். திருமண அழைப்பிதழ் அச்சிடுபவர் ஒரே தெருவில் காகிதம், உறை, அச்சகம் எல்லாவற்றையும் ஒரு மணி நேரத்தில் முடித்துக்கொண்டு போகிறார் என்பதே எங்கள் பலம். கிட்டங்கிகள் மறைந்தால் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறும்.

ஆகவே என் வேண்டுகோள், தரைத்தளம் முழுவதையும் கண்ணாடி போட்ட கடைகளாக மாற்றிவிடாதீர்கள். பின்புறம் ஒரு பகுதியையாவது சரக்கு வைக்கும் இடமாகவே விடுங்கள். காகிதத்தை மாடியில் அடுக்குவது தவறு என்று பொறியாளர் சொல்வதை நான் ஏற்கிறேன். கீழே கெட்டித் தரையில் அடுக்க ஒரு தடையும் இல்லை. அத்துடன், பெரிய லாரிகளுக்குப் பகலில் கட்டுப்பாடு இருப்பதால் எங்களுக்கு இரவில்தான் சரக்கு இறங்கும். பகலில் அதைக் குட்டியானையும் மூன்று சக்கரத் தள்ளுவண்டியும் எடுத்துப் போகும். மேலே வீட்டில் குழந்தை தூங்கும்போது கீழே ரீல் உருட்டினால் சண்டைதான் வரும். சரக்கு இறக்கும் வாசல் ஒரு பக்கம், வீட்டுக்குப் போகும் வாசல் மறுபக்கம் என்று தொடக்கத்திலேயே பிரித்துவிட்டால் இரு தரப்பும் நிம்மதியாக இருக்கலாம். பாரம் தூக்கும் தொழிலாளர்களுக்குக் குடிநீரும் ஒரு கழிப்பறையும் அந்தப் புது எஃகுச் சட்டகத்தில் சேர்த்துவிடுங்கள். இந்தத் தெருக்களில் அது இல்லாமல் அவர்கள் படும் பாடு யாருடைய வரைபடத்திலும் வருவதில்லை.

மண்ணடிக்காரர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. 7,200-இல் பாதி, கையில் இருக்கும் 6,000 என்ற கணக்கை நேற்று இரவு அண்ணன்மாரிடம் தாளில் எழுதிக் காட்டினேன். பெரிய அண்ணன் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, பழுதுபார்ப்புச் செலவுக்கு ஒரு மதிப்பீடு கையில் வரும் வரை கட்டுமான நிறுவனத்திடம் கையெழுத்திடுவதில்லை என்று ஒத்துக்கொண்டார். சின்ன அண்ணன், தன் பங்கைப் பணமாகக் கேட்டால் நாங்கள் எங்கே போவோம் என்று கேட்கிறார். நியாயமான கேள்வி, அதற்கு என்னிடம் இன்னும் விடையில்லை.

மாடியில் ஏறிப் பார்த்தேன். மொட்டைமாடியில் தட்டோட்டின் மேல் சிமெண்ட் அடுக்கு ஒன்று இருக்கிறது. அப்பா காலத்தில் போட்டதாம். வேலையை ஒரே நேரத்தில் செய்ய எங்களிடம் பணமில்லை. கட்டம் கட்டமாகச் செய்வதானால் எதில் தொடங்குவது?

வரைபட அனுமதி

சின்ன அண்ணனுக்கான வழி ஒன்றைச் சொல்கிறேன். நால்வரும் பதிவு செய்யும் குடும்ப ஏற்பாட்டுப் பத்திரத்தில், அவர் பங்கின் மதிப்பை இன்றே ஒரு மதிப்பீட்டாளரைக் கொண்டு குறித்து, குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் மற்ற மூவரும் தவணையில் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று எழுதலாம். அதுவரை அவர் பங்குக்குரிய வாடகை அவருக்கே வரும். வழக்கறிஞரை வைத்து எழுதுங்கள்; வாய்ப்பேச்சில் விடாதீர்கள்.

சுண்ணாம்புச் சாந்து

மொட்டைமாடியில் தொடங்குங்கள். இந்த மழைக்கு முன் வடிகால் வாய்களைத் திறந்து, குழாய்களை மாற்றினால் போதும். சிமெண்ட் அடுக்கை மழைக்காலத்தில் தொடாதீர்கள், தைக்கு மேல் பெயர்க்கலாம். பெயர்க்கும்போது இயந்திரச் சுத்தியல் வேண்டாம்; அதிர்வில் கீழே உள்ள குத்துச் செங்கல் கழன்றுவிடும். உளியும் கையும் மட்டும். கீழே ஒவ்வொரு கட்டைக்கும் முட்டுக் கொடுத்த பிறகே மேலே ஆள் ஏற வேண்டும்.

அது முடிந்தபின் கட்டை முனைகள், மூன்றாவதாக மின்கம்பி. இந்த மூன்றும் முடிந்தால் மாடியின் முன்பாதியை அலுவலகமாக வாடகைக்கு விட ஆயத்தமாகிவிடும். பயன்பாட்டு மாற்ற அனுமதிக்கும் தீயணைப்புச் சான்றுக்கும் இந்த வேலைகள் நடக்கும்போதே விண்ணப்பித்து வையுங்கள். இரண்டாவது படிக்கட்டு இல்லாமல் மாடியில் ஆட்களை அமர்த்த வேண்டாம் என்பதால், எஃகுச் சட்டகத்தின் படிக்கட்டுப் பகுதியை மட்டும் அப்போதே எழுப்பிவிடுங்கள். அந்த வாடகை வரத் தொடங்கியபின் சட்டகத்தின் மிச்சத்தையும் பின்பாதி வீடுகளையும் எடுத்துக்கொள்ளலாம். சுண்ணாம்பை இன்றே வாங்கி நீரில் ஊற வையுங்கள். தை மாதத்துக்குள் நன்றாகப் புளித்திருக்கும். மெட்ராஸ் டெரஸ் அடிக்கத் தெரிந்த கொத்தனார்கள் இப்போது குறைவு. அவர்களில் ஒருவரை வேலை தொடங்கும் முன்பே மாடியில் ஏற்றிக் காட்டி, அவர் சொல்வதையும் கேட்டு மதிப்பீட்டை எழுதுங்கள்.